அந்த வெற்று வரியை நிரப்ப வேண்டாம்

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

தில்லி கரோல் பாக்கில் ஒரு மாடியில் இயங்கும் நமது சிறிய பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கும் பணிக்குத் தாங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். அதே அறையில், அதே சன்னலோர மேசையில் முப்பதாண்டுகளுக்கு மேல் அமர்ந்து ஓய்வு பெற்றவன் எழுதுவது. நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். பிறர் எழுதிய தமிழை எழுத்தெழுத்தாகப் பார்த்தே என் தமிழைச் சேர்த்துக்கொண்டேன். எனவே நடையில் குறை காணின் பொறுத்தருள்க.

சென்ற வாரம் தங்களுள் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், மெய்ப்புன்னு உங்க பேர் போட்ட கடைசி நாவல் ரெண்டாம் பதிப்புக்கு வந்திருக்கு. முடிவு அத்தியாயத்துல நடுவுல ஒரு வரி காலியா இருக்கு. வாசகர் கடிதத்துலகூட யாரோ கிண்டல் பண்ணியிருக்காங்க. மூடிடட்டுமா?" என்று கேட்டார். "தொடாதீர்கள்" என்று மட்டும் சொன்னேன். காரணத்தை எழுதித் தருவதாக வாக்களித்தேன். இது அக்காரணம்.

அந்நாவலின் ஆசிரியரைத் தாங்கள் அறிவீர்கள். ஆயினும் இங்கே பெயர் சொல்லாமல் விடுகிறேன். நெல்லைச் சீமையில் பிறந்து, மத்திய அரசில் பணிபுரிந்து, மனைவியை இழந்தபின் மோதி பாக்கில் மகளுடைய அரசுக் குடியிருப்பில் வாழ்பவர். மகளும் மத்திய அரசு அதிகாரி, மணமாகாதவர். இல்லத்தில் இவ்விருவர் மட்டுமே.

தில்லியில் தமிழில் எழுதுவோர் பலரிடம் நான் கண்ட ஒரு வழக்கம் உண்டு. கைப்பிரதியை உணவு மேசையின் மேலேயே விரித்துப் போட்டிருப்பார்கள். ஒளிக்க மாட்டார்கள். இங்கு பிறந்து இங்கு பயின்ற பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்பதே அவர்களுடைய பூட்டு. இல்லத்தாரைப் பற்றி எதையும் எழுதலாம். இல்லத்தில் படிப்பவர் எவருமில்லை. "என் மவ என் புஸ்தகத்து அட்டையில இருக்கிற போட்டோவ மட்டும் பாத்துட்டு, 'அப்பா, இதுல தொப்பை தெரியுது'ம்பா. அவ்வளவுதான்வே விமர்சனம்" என்று நமது ஆசிரியர் சொல்லிச் சிரிப்பார். நானும் உடன் சிரித்திருக்கிறேன்.

அந்நாவலின் மெய்ப்பு நடந்த குளிர்காலத்தில் அவருக்கு விழித்திரையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை அடைத்து, அது சரியான இடத்தில் அழுந்தி நிற்க, சில வாரங்கள் முகத்தைக் கவிழ்த்தபடியே இருக்க வேண்டும் என மருத்துவர் கூறிவிட்டார். மேசை மேல் தலையணை வைத்து, அதில் நெற்றியைப் பதித்து அமர்ந்திருப்பார். படிக்கவும் கூடாது. நூல் வெளியீட்டுக்கோ நாள் குறித்தாயிற்று. ஆகவே சனிக்கிழமை பிற்பகல்களில் நான் மோதி பாக் சென்று, மெய்ப்பை உரக்கப் படிப்பதென்றும், அவர் கேட்டுத் திருத்தம் சொல்வதென்றும் ஏற்பாடாயிற்று.

அப்போதெல்லாம் மகள் அடுத்த அறையிலோ அடுக்களையிலோதான் இருப்பார். நாங்கள் இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இதுவே என் பிழை. படிக்கத் தெரியாதவரை, கேட்டாலும் விளங்காதவர் என்றே கொண்டுவிட்டேன். காது என்று ஒன்று இருப்பதை, காதை நம்பியே படித்துக்கொண்டிருந்த நான் மறந்தேன்.

நான்காவது சனிக்கிழமை இறுதி அத்தியாயத்தை எட்டினோம். அதில் ஒரு தாய் மருத்துவமனையில் இறக்கும் தறுவாயில் இருக்கிறாள். சுவாசக் கருவி பொருத்த வேண்டாம் என்னும் ஒப்புதல் தாளில் மகள் கையெழுத்திடுகிறாள். கணவனைக் கேட்கவில்லை. பிறகு வந்த கணவன் அத்தாளைக் காண்கிறான். இது அவருடைய சொந்தக் கதை என்பதை நான் அறிவேன். பதிப்பகத்தில் யாவரும் அறிவர். அவருடைய மனைவி அவ்வாறே காலமானார்.

நான் படித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தைப் புரட்டக் கண்ணை உயர்த்தியபோது, அறை வாயிலில் மகள் நின்றிருந்தார். கையில் தட்டு; தட்டில் இரண்டு கோப்பைத் தேநீர். கோப்பைகளிலிருந்து ஆவி எழவில்லை. அவர் வந்து வெகு நேரம் ஆகியிருக்க வேண்டும்.

முகத்தைப் பார்த்தேன். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வரி எதுவென எனக்குத் தெரியும். ஏற்கெனவே இருமுறை பார்த்த வரி. அந்த நொடியில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே. "ஐயா, தங்கள் மகள் வந்திருக்கிறார்" என்று உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். நான்கு சொற்கள். நான் சொல்லவில்லை.

"என்னவே, நிறுத்திட்டீரு? தொண்டை கட்டிட்டா?" என்றது தலையணைக்குள்ளிருந்து அவர் குரல்.

நான் படித்தேன். ஆனால் இருந்ததைப் படிக்கவில்லை. "தாளில் மகள் இட்ட அந்தக் கையெழுத்து நடுக்கத்துடன் இருந்தது" என்று, நானே அக்கணத்தில் ஒரு வரியைச் செய்து படித்தேன். கைப்பிரதியில் இல்லாததைச் சேர்க்காதே, இருப்பதை விடாதே என்று எனக்கு வேலை பழக்கியவர் முதல் நாளே சொன்ன விதி. அதை மீறியது அதுவே முதல் முறை. கருணை செய்வதாக எண்ணிக்கொண்டேன்.

"நடுக்கமா?" என்றார் ஆசிரியர். தலை அசையவில்லை. "எங்கவே நடுக்கம்னு எழுதினேன்? கம்ப்யூட்டர்ல அடிச்ச பய மாத்திட்டானா? குறிச்சிக்கிடும்." பின்பு, தலையணையில் முகம் புதைந்தபடியே, மனப்பாடமாக, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக உரைத்தார்:

"தாயின் மூச்சை முடித்துவைக்கும் தாளில் மகள் இட்ட அந்தக் கையெழுத்து, விடுப்பு விண்ணப்பத்தில் இட்டதைப் போல அத்தனை தெளிவாக இருந்தது."

நான் மாற்றாமல் படித்திருந்தால் அவ்வரி என் குரலில் போயிருக்கும். என் திருத்தத்தால் அது தந்தையின் வாயிலிருந்தே மகள் செவியில் விழுந்தது.

மகள் தட்டை மேசையில் வைத்தார். கோப்பைகள் மோதிய ஒலியில் ஆசிரியர், "யாரு?" என்றார்.

"நான்தான்."

"பாப்பாவா? டீ கொண்டாந்தியா? வச்சிட்டுப் போம்மா. இது ஒனக்குப் புரியாது."

"படிக்கத்தான்ப்பா தெரியாது. கேக்கத் தெரியும்." அவர் குரல் உயரவேயில்லை. "நாலு வாரமா கேக்கறேன். வேற யாரோ பொண்ணு கதைன்னு நெனச்சேன். நல்லாதான் இருந்துச்சு. இன்னைக்குத்தான் அது நான்னு தெரிஞ்சது."

ஆசிரியர் தலையை உயர்த்த முயன்றார். உடனே மகளின் கை அவர் பிடரியில் சென்று மெல்ல அழுத்திற்று. "தூக்காதீங்க. குமிழ் நகந்துரும். அப்படியே கேளுங்க."

அந்தக் கையை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை. அக்கை தந்தையின் கண்ணைக் காத்துக்கொண்டிருந்தது. அவ்வாறே வைத்துக்கொண்டுதான் அவர் பேசினார்.

"அன்னைக்கு நீங்க ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளிய சாய்வாலாகிட்ட நின்னுட்டிருந்தீங்க. மூணாவது மாடி ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். ஒரு டீ குடிச்சீங்க. இன்னொண்ணு வாங்கினீங்க. மேல வர்றதுக்குப் பயந்துட்டு நிக்கறீங்கன்னு தெரிஞ்சது. டாக்டர், 'பிதாஜி கஹாங் ஹைங்', அப்பா எங்கன்னு கேட்டார். ஊருக்குப் போயிருக்கார், வர ரெண்டு நாள் ஆகும்னு பொய் சொன்னேன். இல்லைன்னா ஒங்களக் கூப்பிட்டு ஒங்க கையிலதான் பேனாவக் குடுத்திருப்பாங்க."

மறு கையால் ஆறிய கோப்பைகளை ஓரமாக நகர்த்தினார்.

"தெளிவா இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்கல்ல? மூணு பேப்பர் வீணாச்சுப்பா. கை நிக்கல. கோடு கோடா போச்சு. நர்ஸ் திட்டிக்கிட்டே நாலாவது பேப்பர் குடுத்தா. அதத்தான் நீங்க பார்த்தீங்க."

கையை எடுத்தார். சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு வெளியே சென்றார். வாயிற்கதவு சாத்தும் ஒலி கேட்டது.

தலையணைக்குள்ளிருந்து மூச்சொலி மட்டும் வந்தது. அழுகிறார் என்று எண்ணினேன். அவரைத் தேற்ற ஏற்ற சொற்களை மனத்துள் தேடிக்கொண்டிருந்தேன்.

"போயிட்டாளா?" என்றார்.

"போய்விட்டார்."

"மூணு தாள் வீணாச்சுன்னாளே… அவ சொன்னத எழுதிக்கிட்டீரா?"

ஐயா, அம்மையீர், அதிர்ச்சி என்னும் சொல்லை நான் எத்தனையோ கைப்பிரதிகளில் ஒற்றுப் பிழையின்றி நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக் கடந்திருக்கிறேன். அதன் பொருளை அன்று அறிந்தேன். மகள் கதவைச் சாத்திச் சென்ற ஒலி இன்னும் என் காதில் இருந்தது. அவர் கேட்டது அதுவே. மீண்டும் கேட்டார். "என்னவே, கேக்குதேன்லா? எழுதிக்கிட்டீரா?"

"இல்லை" என்றேன்.

"ஞாபகம் இருக்குல்லா? சொல்லும், அவ சொன்ன மாதிரியே. 'கோடு கோடா போச்சு'ன்னா. அந்த நர்ஸ் திட்டினது. இது தெரியாம நான் என்னத்தவே எழுதி வச்சிருக்கேன்!"

"நினைவில் இல்லை ஐயா."

"பொய் சொல்லாதீரும். நாப்பது பக்கத்துக்கு முன்னால வந்த தெருப் பேரு மாறினாப் பிடிக்கிற ஆளு நீரு."

"கைப்பிரதியில் இல்லாததை நான் சேர்ப்பதில்லை" என்றேன். வேறு எதைப் பற்றிக்கொண்டு நிற்பது எனத் தெரியவில்லை.

"ஆமா. நடுக்கத்த மட்டும் சேப்பீரு" என்றார் அவர்.

தாள்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். மகள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருந்தது. அதை அவரிடம் கொடுத்துவிட்டால் நாவல் நிச்சயம் உயரும். அதிலும் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அச்சொற்கள் அவருக்காகக் கூறப்பட்டவை; அவருடைய நூலுக்காகக் கூறப்பட்டவை என்று எனக்குத் தோன்றவில்லை. பேருந்து நிறுத்தம் வரை சென்றபின்தான், பருகாத தேநீர் அங்கேயே ஆறிக்கிடப்பது நினைவுக்கு வந்தது.

அடுத்த பத்து நாட்களும் பதிப்பாளர் என்னை விரட்டினார். இறுதி அத்தியாயம் எங்கே? அச்சகம் காத்திருக்கிறது. "ஆசிரியர் திருத்துகிறார்" என்றேன். அவர் என்ன செய்கிறார் என்பது உண்மையில் எனக்குத் தெரியாது.

பதினோராம் நாள் மகள் அழைத்தார். லோதி ரோட்டில் அவருடைய அலுவலகத்துக்கு எதிரே, மதிய இடைவேளையில், வெயில் படும் ஒரு சிமெண்டுப் பலகையில் அமர்ந்தோம். வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றை எனக்கும் அவருக்கும் நடுவே வைத்தார்.

"அங்கிள், அப்பா சாப்பிடறார். மருந்து போட விடறார். பேச மாட்டேங்கறார். நானும் பேசல. ஒண்ணு கேக்கணும். நான் போனதுக்கப்புறம் என்ன சொன்னார்?"

மறுபடியும் அதே இடத்தில் நின்றேன். மென்மையாக ஒன்றைச் செய்து சொல்லலாம். "மிகவும் வருந்தினார்" எனலாம். எதிரே ஒரு மகள் அதைக் கேட்கவே காத்திருப்பதும் தெரிந்தது. ஒருமுறை நடுக்கத்தைச் சேர்த்து நான் விளைத்தது போதும் என்று, உள்ளதைச் சொன்னேன். "'அவ சொன்னத எழுதிக்கிட்டீரா' என்று கேட்டார், அம்மா."

கடலை உரித்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. நான் செய்தது தவறோ என்று அஞ்சினேன். பிறகு அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்களில் நீர் வழிய வழியச் சிரித்தார். பாதையில் சென்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"அச்சா! அதேதான். அம்மா சொல்லுவா: 'நான் அழுதா ஒங்கப்பா கைக்குட்டையத் தேட மாட்டாரு, நோட்டுப்புஸ்தகத்தத் தேடுவாரு'ன்னு. நான் அது ஜோக்குன்னு நெனச்சேன் அங்கிள்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க எழுதிக் குடுத்தீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"அது தங்களுடையது."

அவர் கடலைப் பொட்டலத்தை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். "சரி. பார்க்கறேன்" என்று மட்டும் சொல்லி எழுந்தார்.

நான்கு நாட்களில் ஓர் அரசாங்க உறை என் பெயருக்கு வந்தது. உள்ளே ஐந்து தாள்கள். இறுதி அத்தியாயம். மொழி தமிழ், எழுத்து இந்தி. தந்தை தலை கவிழ்ந்தபடியே சொல்ல, மகள் தமக்குத் தெரிந்த எழுத்தில் அதை எழுதியிருக்கிறார். இந்தியில் தமக்குத் தெரிந்த எந்த எழுத்தும் பொருந்தாத இடங்களில் சிறு வட்டம் ஒன்றைப் போட்டுவைத்திருந்தார். விரலை வைத்து மெல்ல மெல்ல வாய்விட்டுப் படித்தேன். நெல்லைத் தமிழ் அந்த எழுத்துகளுக்குள்ளிருந்து எழுந்து வந்தது.

விடுப்பு விண்ணப்ப வரி அப்படியே இருந்தது. நீக்கப்படவில்லை. அதற்கு முன்னே புதிதாக ஒரு பத்தி. மனைவி மூன்றாம் மாடியில் கிடக்க, கணவன் மருத்துவமனை வாயிலில் தேநீர் வாங்குகிறான்; குடித்து முடித்து இன்னொன்று வாங்குகிறான். முந்தைய வடிவில் அவன் அவ்விடத்தில் இல்லவே இல்லை. அவ்வரிக்குப் பின்னே ஓர் இடைவெளி, ஒரு வரியளவு. அதன் ஓரத்தில், "அப்பா இங்கே ஒரு வரி விடச் சொன்னார்" என்று மகளின் குறிப்பு.

அடுத்த சனிக்கிழமை மோதி பாக் சென்றேன். ஆசிரியருக்கு நிமிர்ந்து அமர அனுமதி கிடைத்திருந்தது. கண்ணில் மட்டும் மறைப்பு. மகள் எதிர் நாற்காலியில் இருந்தார். தாளை எடுத்ததும் நான் முதலில் சொன்னது: "இவ்வறையில் நாம் மூவர் இருக்கிறோம்."

"தெரியும்வே. படியும்" என்றார் ஆசிரியர்.

தேநீர்ப் பத்தியைப் படித்தேன். விடுப்பு விண்ணப்ப வரியை, ஒரு சொல்லும் மாற்றாமல் படித்தேன். மகள் கண்ணை மூடிக்கொண்டார். "அடுத்து ஒரு வரி வெற்றாக உள்ளது" என்றேன்.

"அது அவளுக்குள்ளது" என்றார் ஆசிரியர். "அந்த மூணு தாள நான் சொல்ல முடியாது. அவ சொன்னாச் சொல்லட்டும்."

மகள் கண்ணைத் திறந்தார். தந்தையைப் பார்த்தார். மகளின் முகத்தில் அதுவரை நான் காணாத ஓர் இளக்கம் தோன்றிற்று. உதடுகள் பிரிந்தன. "அப்பா, அன்னைக்கு…" என்று தொடங்கினார்.

அப்போது ஆசிரியரின் வலக்கை மேசை மேல் நகர்ந்தது. முகம் மகளை நோக்கியிருக்க, விரல்கள் தாமாகத் தடவிச் சென்றன. பேனாவைத் தேடின.

அவர் அறிந்து செய்தார் என்று நான் கூற மாட்டேன். மகள் அதைக் கண்டார். நானும் கண்டேன். விரல்கள் பேனாவைத் தொட்ட அக்கணத்தில் மகளின் வாய் மூடிற்று.

"பஸ், போதும்" என்றார். "காலியாவே விடுங்க அங்கிள்."

ஆசிரியரின் கை அப்படியே நின்றது. பிறகு, சுடுபாத்திரத்தைத் தொட்டவர் போல விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். "காலியாவே இருக்கட்டும்" என்றார். அம்முறை அவர் எதையும் எழுதிக்கொள்ளக் கேட்கவில்லை.

வெளி வாயில்வரை என்னை வழியனுப்ப வந்த மகளிடம், "பின்னாளில் யாரேனும் இதைப் பிழையென்று நிரப்பிவிடுவார்களே, அம்மா" என்றேன்.

அவருக்கு அதிகாரியின் முகம் வந்தது. "எங்க ஆபீஸ்ல எதுக்கும் ரெண்டு பேப்பர் இருக்கும் அங்கிள். உத்தரவு வெளிய போகும். ஏன் அப்படிங்கறது ஃபைல்லயே குறிப்பா இருக்கும். நீங்க குறிப்பு எழுதி ஃபைல்ல வைங்க. வேலை செய்யறவங்க படிக்கட்டும். புஸ்தகத்துல வேண்டாம்."

நூல் வெளிவந்தது. பாராட்டினார்கள். வாயிலில் தேநீர் குடிக்கும் பத்தியை எடுத்துக்காட்டாதவர் இல்லை. அவ்வெற்று வரியை மெய்ப்புப் பார்த்தவரின் கவனக்குறைவு என்று ஒரு மதிப்புரை சுட்டிற்று. மெய்ப்பு என்று என் பெயர் நூலின் முன்பக்கத்தில் இருப்பதால் பதிப்பாளரும் கடிந்துகொண்டார். நான் மறுக்கவில்லை. குறிப்பை மட்டும் இன்று நாளை என்று ஒத்திப்போட்டேன். தங்கள் அழைப்பு வந்திராவிடில் அவ்வரி இந்நேரம் மூடப்பட்டிருக்கும்.

தாங்கள் யாருக்கேனும் உரக்கப் படிக்க நேரின், முதலில் அறையில் எவரெவர் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் படியுங்கள். நான் கூறக்கூடியது அவ்வளவே.

இரண்டாம் பதிப்பிலும் அவ்வரி வெற்றாகவே நிற்கட்டும். ஐந்து தாள்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். இக்குறிப்பை அந்நூலின் கோப்பில், மேலாக, தொலையாமல் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.